நிரல் கால்குலேட்டரும் கிராஃப் கால்குலேட்டரும்: வந்த வழி, இன்று எதை வாங்கலாம்

கேள்வி இது: தக்கலைப் பக்கம் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் ஒருவருக்கு, மஸ்கட்டில் சர்வேயராக இருந்து ஊர் திரும்பிய சித்தப்பா தன் கேசியோ எஃப்எக்ஸ்-5800பி-யைக் கொடுத்திருக்கிறார். "இது பழசு, இப்போது கிராஃப் கால்குலேட்டர்தான்" என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். இந்தக் கருவிகள் எப்படி வளர்ந்தன, இதை வைத்துக்கொள்வதா, புதிது வாங்குவதா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 5800-ஐ யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கிராஃப் கால்குலேட்டர் அதற்கு அடுத்த படி என்பதும் சரியில்லை. இரண்டும் ஒரே வேரில் கிளைத்து, வேறு வேறு ஆட்களுக்காக வளர்ந்தவை. ஒன்று வயலிலும் சாலையோரத்திலும் நின்று கணக்குப் போடுகிறவருக்கு, மற்றது பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய வகுப்பறைகளுக்கு. நிரல், அதாவது புரோகிராம், எழுதும் கால்குலேட்டர் எதுவானாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். எத்தனை படி (ஒரு கட்டளை ஒரு படி) எழுத இடமிருக்கிறது? அணைத்த பிறகும் எழுதியது நிற்குமா? எழுதியதை வெளியே எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க வழி உண்டா? இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் காலப்போக்கில் மேம்பட்டுக்கொண்டே போயிருக்கும் என்று நினைப்போம். அப்படி நடக்கவில்லை.

தொடக்கம் மேசைமேல். 1965-இல் இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனம் புரோகிராமா 101-ஐக் காட்டியது. 1968-இல் ஹியூலெட்-பேக்கர்டின் 9100ஏ வந்தது: சைன், கொசைன், லாக் எல்லாம் ஒரே பொத்தானில், 196 படிகள் கொண்ட புரோகிராம், அதைப் பதிந்துவைக்கக் காந்த அட்டை. விலை 4,900 டாலர். ஆக, வெளியே எடுத்துப் பத்திரப்படுத்தும் வசதி முதல் தலைமுறையிலேயே இருந்தது. 1972-இல் அதே நிறுவனத்தின் எச்பி-35 சட்டைப்பையில் அடங்கியது. 395 டாலர், 35 பொத்தான், ஸ்லைடு ரூலுக்கு விடைகொடுத்த கருவி. ஆனால் அதில் புரோகிராம் எழுத முடியாது. 1974-இன் எச்பி-65 தான் கைக்கு அடங்கிய முதல் புரோகிராம் கால்குலேட்டர்: 100 படி, 795 டாலர். சிறிய காந்த அட்டையை ஒரு பக்கத்தில் செருகினால் மோட்டார் இழுத்துப் படித்து மறுபக்கம் தள்ளும். படித்த அட்டையைப் பொத்தான்களுக்கு மேலுள்ள இடுக்கில் செருகிவைக்கலாம். அட்டையில் எழுதியிருக்கும் பெயர்கள் அந்தந்தப் பொத்தானுக்கு நேர் மேலே வந்து நிற்கும். அருமையான வடிவமைப்பு. 1975-இல் அப்போலோ-சோயூஸ் விண்பயணத்தில் இது மாற்றுக் கணிப்பானாகப் போனது.

அந்தக் காலத்து புரோகிராம் எப்படி இருந்தது என்று ஒன்றைக் கிட்டத்தில் பார்த்துவிடுவோம். பிறகு வந்த எல்லாமே அதிலிருந்து விளங்கும். எச்பி-25, 1975, 49 படி. ஒரு நிலத்துண்டின் இரண்டு அகலமும் இடைத்தூரமும் தெரியும், பரப்பு வேண்டும் என்று வையுங்கள். அகலம் 12.5, 14.3, தூரம் 40 மீட்டர். கையால் போட்டால்: 12.5, என்டர், 14.3, கூட்டல், 2, வகுத்தல், 40, பெருக்கல். விடை 536 சதுர மீட்டர். அடைப்புக்குறியும் கிடையாது, சமக்குறியும் கிடையாது. எண்கள் அடுக்கில் ஏறி நிற்கும், குறி வந்ததும் மேலிருக்கும் இரண்டும் சேரும்.

இதையே புரோகிராமாக எழுதினால், தூரத்தை 1-ஆம் நினைவில் போட்டுவிட்டு, படிகள் இவ்வளவுதான்: 51, 02, 71, 24 01, 61. திரையில் எழுத்து வராது, பொத்தான் இருக்கும் இடம்தான் எண்ணாக வரும். ஐந்தாம் வரிசை முதல் பொத்தான் கூட்டல், அதனால் 51. எண் 2 என்பது 02. ஏழாம் வரிசை முதல் பொத்தான் வகுத்தல், 71. இரண்டாம் வரிசை நான்காம் பொத்தான் நினைவிலிருந்து எடுக்கும் பொத்தான், அதோடு நினைவு எண் 1 சேர்ந்து 24 01, இது ஒரே படி. கடைசியில் பெருக்கல் 61. மீதியிருக்கும் காலிப் படிகளில் எல்லாம் "00-க்குப் போய் நில்" என்ற 13 00 ஏற்கனவே எழுதப்பட்டிருக்கும். அதனால் தனியாக நிறுத்தும் கட்டளை தேவையில்லை. இனி இரண்டு அகலத்தையும் கொடுத்து ஓட்டும் பொத்தானை அழுத்தினால் போதும். ஐந்து படியில் ஒரு துண்டு. பத்துத் துண்டாக நீளும் தென்னந்தோப்பை அளக்கிறவருக்கு இதன் அருமை தெரியும்.

குறை என்னவென்றால், எச்பி-25-ஐ அணைத்ததும் 49 படியும் போய்விடும். அட்டையும் கிடையாது. அடுத்த நாள் முழுதும் மறுபடி தட்ட வேண்டும். 1976-இல் வந்த 25சி-யில், குறைந்த மின்சாரத்தில் நிற்கும் சீமாஸ் நினைவகத்தைப் போட்டார்கள். அணைத்தாலும் புரோகிராம் நின்றது. பெயரில் ஒரே ஒரு எழுத்து கூடியது, வேலையில் வானத்துக்கும் பூமிக்குமான வித்தியாசம். என்னைக் கேட்டால் திரையில் வரைபடம் வந்ததைவிட இது பெரிய மாற்றம்.

1977-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிஐ-59 படிகளின் எண்ணிக்கையை எங்கோ கொண்டுபோனது. அதிகபட்சம் 960 படி. நினைவுப் பெட்டியும் புரோகிராமும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும், எட்டுப் படி விட்டுக்கொடுத்தால் ஒரு நினைவு கிடைக்கும். பின்புறம் செருகும் சின்னச் சில்லில் 5,000 படிகள் ஆயத்தமாக எழுதியிருக்கும். சர்வேக்கென்றே ஒரு சில்லு இருந்தது. 1979-இல் எச்பி-41சி வந்தது. எழுத்துகளைக் காட்டும் திரவப் படிகத் திரை, நான்கு செருகு துளை. புரோகிராம் முதன்முறையாகப் பெயர் சொல்லி மதிப்பைக் கேட்டது. முதல் விண்வெளி ஓடத்தில் ஏறிப் போனதும் இதுதான். பயனர்கள் இதன் உள்ளே துருவி, கையேட்டில் இல்லாத கட்டளைகளை உருவாக்கக் கற்றுக்கொண்டார்கள். அப்படித் துருவியவர்களில் ஒருவரான இயற்பியலாளர் வில்லியம் விக்ஸ் பின்னர் அதே நிறுவனத்தில் சேர்ந்து, எச்பி-28, 48 ஆகியவற்றை உருவாக்கிய குழுவை நடத்தினார். கருவியைத் திறந்துவிட்டால் அதிலிருந்தே அடுத்த கருவியைக் கட்டும் ஆள் கிடைப்பார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கேசியோ வேறு பாதையில் வந்தது. 1979-இன் எஃப்எக்ஸ்-502பி-யில் 256 படி. விலையுயர்ந்த அட்டைப் படிப்பானுக்குப் பதில், வீட்டிலிருக்கும் கேசட் ரெக்கார்டரில் புரோகிராமைப் பதியும் இணைப்பு. பிறகு 1985-இல் எஃப்எக்ஸ்-7000ஜி. உலகின் முதல் கிராஃப் கால்குலேட்டர் இதுதான். அகலவாக்கில் 96, உயரவாக்கில் 64 புள்ளி. எழுத்தாகக் காட்டினால் 16 எழுத்து வீதம் எட்டு வரி. புரோகிராமுக்கு 422 பைட், பத்துப் புரோகிராம் வரை பிரித்துக்கொள்ளலாம். கவனியுங்கள், திரை பிரம்மாண்டமாக வளர்ந்தபோது எழுதும் இடம் டிஐ-59-இல் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

கிராஃப் போடும் கருவி என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குகிறவர்கள்தான் முதல் நாளே ஏமாந்துபோவார்கள். அது கோட்டை வரைவதில்லை. திரையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு எக்ஸ் மதிப்பை எடுத்து, ஒய்-யைக் கணக்கிட்டு, ஒரு புள்ளி வைக்கிறது, பக்கத்துப் புள்ளிகளைச் சேர்க்கிறது. இதனால் இரண்டு கோளாறு வரும்.

ஒன்று, வெறும் திரை. முப்பந்தல் காற்றாலைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் பாயும் காற்றின் திறன், காற்றடர்த்தி 1.2 என்று கொண்டால், 0.6 பெருக்கல் வேகத்தின் மும்மடி. நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் சுமார் 1,037 வாட். இதைச் சாதாரணமாக வரும் மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வரையிலான சட்டத்தில் (திரை காட்டும் எக்ஸ், ஒய் எல்லையில்) வரைந்தால், வேகம் 2.55-ஐத் தாண்டியதுமே கோடு மேலே ஓடி மறைந்துவிடும். எல்லையை நாம்தான் கொடுக்க வேண்டும்: எக்ஸ் 0 முதல் 15, ஒய் 0 முதல் 2,100. கடைசிப் புள்ளி 2,025-இல் நிற்கும். எல்லை தெரியாவிட்டால் முதலில் அட்டவணை போட்டு மதிப்புகளைப் பாருங்கள், பிறகு சட்டத்தை வையுங்கள்.

இரண்டு, பொய்யான படம். டிஐ-82, 83-இல் தசமச் சட்டம் என்று ஒன்று உண்டு. மைனஸ் 4.7 முதல் 4.7 வரை, அதாவது 95 நெடுவரிசை, ஒவ்வொன்றும் 0.1 இடைவெளி. அதில் ரேடியனில் சைன் 20 பை எக்ஸ் வரையச் சொல்லுங்கள். வேகமாக ஏறி இறங்கும் அலை அது. ஆனால் 0.1 வீதம் நகர்ந்தால் ஒவ்வொரு முறையும் முழு அலை முடிந்த இடத்தில்தான் போய் நிற்கும், மதிப்பு எப்போதும் பூஜ்யம். படுத்த கோடு ஒன்று அச்சோடு சேர்ந்து கிடக்கும், படமே இல்லாததுபோல் தோன்றும். டான் வரைந்தால் செங்குத்துக் கோடு வருவதும் இதே காரணத்தால்தான்: பிளஸ் பக்கத்துப் புள்ளியையும் மைனஸ் பக்கத்துப் புள்ளியையும் கருவி தானாகச் சேர்த்துவிடுகிறது. திரை பெரிதானதும் இந்தக் கோளாறுகள் குறைந்தன, தீர்ந்துவிடவில்லை.

1987-இல் எச்பி-28சி எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்தே இயற்கணிதம் செய்தது. 1990-இல் 48எஸ்எக்ஸ், 1993-இல் 128 கிலோபைட் நினைவகத்தோடு 48ஜிஎக்ஸ். அகச்சிவப்புக் கதிர், சீரியல் கேபிள், இரண்டு கார்டு துளை. டிடிஎஸ் நிறுவனத்தின் சர்வே கார்டைச் செருகி, கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியோடு கேபிளில் இணைத்து, அளவுகளை நேரே உள்ளே இறக்கினார்கள். என் மூன்று கேள்விக்கும் முழு மதிப்பெண் வாங்கிய கருவி 48ஜிஎக்ஸ். களத்துக்கு அதைவிடப் பொருத்தமான கால்குலேட்டர் பிறகு வரவில்லை என்பது என் கருத்து.

அதே 1990-இல் டிஐ-81 வந்தது. 2 மெகாஹெர்ட்ஸ் இசட்80 சில்லு, 2,400 பைட், வெளியே இணைக்கத் துளையே கிடையாது. கருவியாகப் பார்த்தால் 48-க்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் அது குறிவைத்தது பள்ளிக்கூடத்தை. 1995 மே முதல் அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏபி கால்குலஸ் தேர்வுக்கு கிராஃப் கால்குலேட்டர் கட்டாயமானது. அதோடு இந்தத் துறையின் முதலாளி மாறிவிட்டார். அதுவரை பொறியாளருக்கு எது வேண்டும் என்று பார்த்துக் கட்டினார்கள். அதன்பின் தேர்வுக்கூடத்துக்கு எது ஏற்கும் என்று பார்த்துக் கட்டினார்கள். டிஐ-82, 83, 83 பிளஸ், 2004-இல் 84 பிளஸ் என்று ஒரே குடும்பம், ஒரே இசட்80, பாடப்புத்தகத்தில் அச்சான அதே பொத்தான் வரிசை. மாற்றினால் ஆசிரியர்கள் கோபப்படுவார்கள் என்ற நிலை.

மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. டிஐ-85-இல் 1992-இலேயே கேபிள் துளை வந்துவிட்டது. 1994-இல், நினைவக நகலைக் கணினியில் திருத்தி, மறுபடி உள்ளே ஏற்றி, சில்லோடு நேரடியாகப் பேசும் அசெம்ப்ளி மொழிப் புரோகிராம் ஓடவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் இசட்ஷெல். நிறுவனம் அதற்கு இணங்கி, 1996-இன் டிஐ-83-இல் அசெம்ப்ளிக்குத் தானே இடம் கொடுத்தது. 1999-இன் 83 பிளஸில் ஃபிளாஷ் நினைவகம் வந்தபோது, உள்ளிருக்கும் இயங்குதளத்தை யாரும் மாற்றாதபடி 512 பிட் டிஜிட்டல் கையொப்பப் பூட்டு போட்டார்கள். 2009-இல் ஒரு பயனர் சாதாரண வீட்டுக் கணினியில், அந்தப் பூட்டுக்கு ஆதாரமான 512 பிட் எண்ணைக் காரணிப்படுத்திப் பூட்டைத் திறந்தார். நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. 2020-இல் 84 பிளஸ் சிஇ-யின் புதிய இயங்குதளத்தில் அசெம்ப்ளி, சி மொழிப் புரோகிராம்களுக்கான வழியே அடைக்கப்பட்டது. தேர்வில் ஏமாற்றுவதைத் தடுக்க என்றார்கள். பிரான்சின் நம்வொர்க்ஸ், 2017-இல் நிரல் மூலத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டு வந்த கருவி, அதுவும் 2021-இல் இயங்குதளத்துக்குப் பூட்டு போட்டது.

பொறியாளர் கருவிகளுக்கும் இதே கதிதான். எச்பி-42எஸ், 1988: புரோகிராம் எழுத அவ்வளவு சுகமான கருவி, ஆனால் உள்ளே ஏற்ற எந்த வழியும் இல்லை. வெளியே அகச்சிவப்பில் பிரின்டருக்கு அனுப்பலாம், அவ்வளவு. 2007-இன் எச்பி-35எஸ்ஸில் அதுகூட இல்லை. அமெரிக்கப் பொறியாளர், சர்வேயர் உரிமத் தேர்வு நடத்தும் அமைப்பின் அனுமதிப் பட்டியலில் அது இருந்தது. துளை இல்லாததுதான் அங்கே தகுதி.

இப்போது உங்கள் 5800பி. 2006-இல் வந்தது. நான்கு வரி, 28,500 பைட், ஒரே ஒரு டிரிபிள்-ஏ பேட்டரி. கிராஃப் கிடையாது. இன்னொரு 5800பி-க்குக் கேபிளில் புரோகிராம் அனுப்பலாம், கணினிக்கு அனுப்ப முடியாது. கல்ஃபில் சைட்டுக்குச் சைட் இது பரவியதே அந்தக் கேபிளால்தான்: ஒருவர் எழுதியதை மற்றவர் வாங்கிக்கொண்டார். நமக்கு அது வந்து சேர்ந்ததும் கல்ஃப் பெட்டியோடுதான். நம் பள்ளி, கல்லூரி வழியாக இவை பரவ வாய்ப்பே இருக்கவில்லை. பிளஸ் டூ வரைக்கும் லாகரிதம் அட்டவணை. அதற்கு மேல் தேர்வுக்கூடத்தில் புரோகிராம் எழுத முடியாத சயின்டிஃபிக் கால்குலேட்டருக்கு மட்டும் அனுமதி. கேட் தேர்வில் கையில் எதையும் கொண்டுபோக முடியாது, திரையிலேயே ஒரு கால்குலேட்டர் வரும்.

சித்தப்பாவின் கருவியில் ஏற்கனவே சர்வே புரோகிராம்கள் இருக்கும். அவற்றை ஓட்டும் முன் நான்கு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். களத்தில் வரும் தப்பில் பெரும்பங்கு இந்த நான்கில் அடங்கிவிடும்.

பரப்பு. மூலைகளின் ஆயத்தொலைவு தெரிந்தால், அடுத்தடுத்த இரண்டு மூலைக்கும் குறுக்குப் பெருக்கம் எடுத்து, கழித்து, எல்லாவற்றையும் கூட்டி, பாதியாக்க வேண்டும். நான்கு மூலை: (0, 0), (30, 0), (34, 20), (2, 24). குறுக்குப் பெருக்கங்கள் 0, 600, 776, 0. கூட்டினால் 1,376, பாதி 688 சதுர மீட்டர், அதாவது 6.88 ஏர். ஒரு சென்ட் 40.4686 சதுர மீட்டர், ஆகவே 17 சென்ட். புரோகிராமைச் சோதிக்க இந்த எண்களையே கொடுத்துப் பாருங்கள்.

இதே நிலத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்து வரும் யுடிஎம் எண்களோடு (இடத்தை மீட்டரில் கிழக்கு, வடக்கு எண்ணாகச் சொல்லும் முறை) போட்டால் வேறு கதை. நாகர்கோவில் பக்கம் கிழக்கு எண் 7.6 லட்சம் மீட்டருக்கு மேல், வடக்கு எண் 9 லட்சம் மீட்டரையொட்டி. இரண்டையும் பெருக்கினால் பன்னிரண்டு இலக்க எண், ஏறக்குறைய 69,000 கோடி. எச்பி-25 போல 10 இலக்கத்தில் கணக்கிடும் கருவி கடைசி இரண்டு இலக்கத்தை விட்டுவிடும். ஒவ்வொரு பெருக்கலிலும் 50 வரை பிழை. நான்கு மூலைக்கு எட்டுப் பெருக்கல். 688 சதுர மீட்டர் நிலத்தில் நூறு சதுர மீட்டர் கூடலாம், குறையலாம். நூறு சதுர மீட்டர் என்றால் இரண்டரை சென்ட், நம் மாவட்டத்து விலைக்கு அதை நினைத்துப் பாருங்கள். கேசியோவின் 5800பி உள்ளே 15 இலக்கம் வைத்திருப்பதால் தப்பித்துக்கொள்ளும். ஆனாலும் முதல் மூலையின் எண்களை எல்லா மூலையிலிருந்தும் கழித்துவிட்டுத் தொடங்கும் பழக்கம் எந்தக் கருவியிலும் காப்பாற்றும். பரப்பு மாறாது, எண்கள் மட்டும் சிறுத்துவிடும்.

திசைக்கோணம். வடக்கு வித்தியாசம் மைனஸ் 40, கிழக்கு வித்தியாசம் 30 என்று வையுங்கள். டான் இன்வர்ஸ் போட்டு 30-ஐ மைனஸ் 40-ஆல் வகுத்தால் மைனஸ் 36.87 டிகிரி வரும், அது தப்பு. கோடு போவது தென்கிழக்கே, சரியான கோணம் 143 டிகிரி 7 நிமிடம் 48 விநாடி. வகுத்ததும் எந்தக் கால்பகுதி என்ற தகவல் தொலைந்துபோகிறது, கருவி மேல் குற்றமில்லை. வடக்கு வித்தியாசம் பூஜ்யமானால் மேத் எரர் என்று நின்றும்விடும். அதனால் "Pol" (போல்) என்று எழுதிய பொத்தானைப் பயன்படுத்துங்கள், இரண்டு வித்தியாசத்தைத் தூரமாகவும் கோணமாகவும் மாற்றுவது அது: முதலில் வடக்கு வித்தியாசம், அடுத்து கிழக்கு வித்தியாசம். தூரம் 50-ம் கோணம் 143.13-ம் ஒன்றாக வரும். கோணம் மைனஸில் வந்தால் 360-ஐக் கூட்டுங்கள்.

போல் பொத்தானில் ஒரு பொறி இருக்கிறது. விடைகளை அது கேட்காமலே நினைவில் போட்டுவிடும். 5800பி-யில் ஐ, ஜே. கேசியோவின் சயின்டிஃபிக் கால்குலேட்டரான 991எம்எஸ்ஸில் இ, எஃப். 991இஎஸ்ஸில் எக்ஸ், ஒய். யாரோ எழுதிய புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் சுற்றின் எண்ணிக்கைக்கு ஐ-யை வைத்திருந்தால், நடுவில் போல் வந்ததும் எண்ணிக்கை 50-க்குத் தாவி, சுற்று அப்போதே முடிந்துவிடும். ஒரு கருவியில் ஓடிய புரோகிராம் இன்னொன்றில் உளறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

டிகிரி-நிமிடம். 12 டிகிரி 30 நிமிடத்தை 12.30 என்று தட்டினால் கேசியோ அதை 12 டிகிரி 18 நிமிடமாக எடுத்துக்கொள்ளும். 12 நிமிட வித்தியாசம் 100 மீட்டருக்கு 35 சென்டிமீட்டர் விலகல். சுவர் கட்டும்போது பக்கத்து வீட்டோடு சண்டை வர அது போதும். கேசியோவில் டிகிரிக் குறிப் பொத்தானை ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் அழுத்த வேண்டும். எச்பி-யில் 12.30 என்றே தட்டி, பிறகு தசமத்துக்கு மாற்றும் கட்டளை கொடுக்க வேண்டும். கருவி ரேடியனிலோ கிரேடிலோ இருக்கிறதா என்று திரை மேல்விளிம்பில் பார்க்கவும் மறக்காதீர்கள். கோண முறையை டிகிரிக்கு மாற்றும் கட்டளையைப் புரோகிராமின் முதல் வரியாகவே எழுதிவைத்தால் அந்தக் கவலையும் இல்லை.

பழைய கருவி எதையாவது வாங்கும் ஆசை இருந்தால் கவனிக்க வேண்டியவை சில. காந்த அட்டை படிக்கும் எச்பி-65, 67, டிஐ-59 ஆகியவற்றில் அட்டையை இழுக்கும் ரப்பர் உருளை வயதாகிப் பிசினாக உருகியிருக்கும், அதை மாற்றாமல் அட்டையைச் செருகினால் அட்டையும் பாழ். எச்பி-25 குடும்பத்தை பேட்டரி இல்லாமலோ செத்த பேட்டரியோடோ சார்ஜரில் செருகாதீர்கள்: மின்னழுத்தத்தைத் தாங்கிப்பிடிப்பதே அந்த பேட்டரிதான், அது இல்லையென்றால் சில்லு எரிந்துவிடும். பிறகு எதுவும் செய்ய முடியாது. டிஐ, கேசியோ கிராஃப் கருவிகளில் நெடுவரிசை சில மறைந்திருந்தால், திரையோடு ஒட்டிய ரிப்பன் இணைப்பு பிடிவிட்டிருக்கிறது என்று பொருள்.

கடற்காற்று தனிப் பிரச்சினை. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கரையோரம் இருக்கிறவர்கள் அல்கலைன் பேட்டரியை உள்ளே விட்டுவிட்டு மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கக் கூடாது. கசிந்து வெளியே வருவது காரம், அதனால் பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்தால் வெள்ளைப் பூச்சு கரையும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பச்சை படிந்த தகட்டை மணல்தாளால் தேய்க்காதீர்கள், மேற்பூச்சு போய் இன்னும் வேகமாக அரிக்கும்.

இனி எதை வாங்கலாம் என்ற கேள்வி. தேர்வுக்கு 991இஎஸ் பிளஸ் அல்லது அது போன்றது ஒன்று கட்டாயம் வேண்டும், 5800-ஐ ஹாலுக்குள் கொண்டுபோகவே நினைக்காதீர்கள். 991-இல் புரோகிராம் இல்லாவிட்டாலும் கால்க் பொத்தான் இருக்கிறது. நான்கு எழுத்தை வைத்துக் குறுக்குப் பெருக்கத்தின் பாதியை ஒரு தடவை எழுதி, கால்க் அழுத்தினால் ஒவ்வொரு எழுத்துக்கும் மதிப்புக் கேட்கும். வந்த விடையை எம் பிளஸ்ஸில் சேர்த்துக்கொண்டே போனால் பரப்பு தயார். தொடங்கும் முன் எம்-ஐப் பூஜ்யமாக்குங்கள், இதை மறந்துவிட்டுப் பழைய நிலத்தையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறவர்கள் நிறைய.

கிராஃப் பார்ப்பதற்காக மட்டும் தனிக் கருவி வாங்குவது, ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) போன்ற வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் படிக்காதவர்களுக்கு வீண் செலவு. 991இஎக்ஸில் கியூஆர் குறியை ஃபோனில் ஸ்கேன் செய்தாலே வரைபடம் வந்துவிடும். பைதான் ஓடும் கருவி வேண்டுமென்றே ஆசையானால் கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50 நல்லது, வண்ணத்திரை, கேபிளில் கணினியோடு பேசும். ஒன்று தெரிந்திருக்கட்டும்: சாதாரணக் கணக்குத் திரையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 வரும். அதே கருவியில் பைதானுக்குள் போய் அதையே கூட்டி, 0.3-க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். கால்குலேட்டர் பத்தின் அடிப்படையில் எண்ணை வைக்கிறது, பைதான் இரண்டின் அடிப்படையில். அதனால் இரண்டு புள்ளி ஒன்றுதானா என்று பைதானில் சோதிக்கும்போது சமமா என்று கேட்காமல், வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழா என்று கேளுங்கள்.

செலவே இல்லாமல் எச்பி வழியைக் கற்க ஃபோனில் ஃப்ரீ42 என்ற செயலி இருக்கிறது, தாமஸ் ஓக்கன் எழுதியது. 42எஸ்ஸின் நடத்தையை அப்படியே கொண்டது, 34 இலக்கம் வரை கணக்கிடும், புரோகிராமைக் கோப்பாக ஏற்றவும் இறக்கவும் முடியும். அசல் 42எஸ்ஸில் இல்லாத வாசல் இதில் உண்டு. இதையே உள்ளே வைத்து 2017-இல் சுவிஸ்மைக்ரோஸ் டிஎம்42 என்ற நிஜக் கருவியும் வந்தது.

5800-ஐப் பொறுத்தவரை இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உள்ளே உள்ள ஒவ்வொரு புரோகிராமையும் திருத்தும் முறையில் திறந்து, வரி வரியாக நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பெருக்கல் குறிக்கும் எக்ஸ் எழுத்துக்கும், கழித்தலுக்கும் எதிர்மக் குறிக்கும் தாளில் வித்தியாசம் தெரியும்படி எழுதுங்கள், மறுபடி தட்டும்போது சின்டேக்ஸ் எரர் வருவது பெரும்பாலும் அங்கேதான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சித்தப்பாவிடம் கேட்டு மூன்று விவரம் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன வரிசையில் மதிப்புக் கேட்கும், எந்த எழுத்தில் என்ன இருக்கும், விடை தெரிந்த ஒரு மாதிரிக் கணக்கு. அது முடிந்த பிறகு பின்மூடியைத் திறந்து பேட்டரியை மாற்றுங்கள்.